பலவகைப் பொறிகளும் ஒரு களஞ்சியமும்

தமிழாசிரியனுக்குக் கணினிக் கூடத்திலே என்ன அலுவல் என வினவுவார் உளர். தீவகப் பாடசாலைகளின் நிலையை அறிந்தோர் அங்ஙனம் வினவார். எம் தீவுகளில் ஆசிரியரின் வரவும் போக்கும் படகையும் காற்றையும் பொறுத்தவை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிப்பவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால், அடுத்தவர் வந்து சேரும்வரை கூடத்தின் திறப்பை யாராவது ஒருவர் வைத்திருத்தல் வேண்டும். சில ஆண்டுகளாக அத்திறப்பு எம்மிடம் இருந்து வருகின்றது. திறப்பை வைத்திருப்பவன் கூடத்தைத் திறந்தால் மட்டும் போதாது என்பதைக் காலம் எமக்குக் கற்பித்தது.

விழாமலருக்குக் கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, நெய்தற்றிணையைப் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடையைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்று எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆனால், இம்மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவர்களுட் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு எம் பாடசாலைகளுக்குக் கணினிகளை அனுப்பி வைப்பவர்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று எம் நெஞ்சில் நெடுநாளாகக் கிடக்கின்றது. நெய்தல் இன்னொரு மலருக்குக் காத்திருக்கட்டும்.

நடந்ததை முதலிற் கூறுவோம். 2025ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலே, பழைய மாணவர் சிலர் அன்போடு அனுப்பிய பன்னிரண்டு கணினிகளை நெடுந்தீவிலுள்ள பாடசாலை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணை, அங்கிருந்து புங்குடுதீவு, பின் குறிகட்டுவான் இறங்குதுறை. அதுவரை வண்டி, அதற்கப்பாற் கடல். சோளகம் முற்றாக அடங்காத நாள். கணினிகளைத் தறப்பாளாற் போர்த்திப் படகின் நடுவில் அடுக்கி, ஒரு மணி நேரத்துக்கு மேலாக அவற்றின்மேற் கைவைத்தபடியே இருந்தோம். எம்மோடு வந்தவர் கொழும்பிலே மென்பொருட்பணி புரியும் இளைஞர். எம் மாணவராக இருந்தவர். அவர் கையில் விரலளவான ஒரு பென் டிறைவும் புத்தகமளவான ஒரு வன்தட்டும் இருந்தன. ‘சேர், நீங்கள் ஒன்றுஞ் செய்ய வேண்டியதில்லை. இதைச் செருகிவிட்டால் எல்லாம் தானாகவே நடக்கும்’ என்றார்.

அவர் கூறியது பெரும்பாலும் மெய்யாயிற்று. டெபியன் என்னும் லினக்ஸ் முறைமையின் 13ஆம் பதிப்பை அவர் ஆயத்தஞ் செய்து வந்திருந்தார். அது 2025 ஓகஸ்ற் 9ஆந் தேதி வெளியானது. நிறுவும்போது கணினி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடைகளை முற்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தார். மொழி யாது, நேரவலயம் யாது, தட்டை எவ்வாறு பிரிப்பது, எந்தப் பொதிகள் வேண்டும் என்பன போன்ற வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் முன்னின்று விடைசொல்ல வேண்டிய வேலை அதனால் இல்லாதொழிந்தது. ஒன்பது கணினிகள் நண்பகலுக்குள் உயிர்பெற்றன. பிள்ளைகள் யன்னலூடாக எட்டிப் பார்த்தனர். எஞ்சிய மூன்று கணினிகளோ ஒரே ஒரு வரியைக் காட்டி நின்றுவிட்டன. இவ்வகைச் செயலி தேவை, இங்கே இருப்பதோ பழைய வகை என்பதே அவ்வரியின் பொருள். எத்தனை முறை நிறுத்தி இயக்கினாலும் அதே வரிதான் வந்தது.

ஏன் அவ்வாறு நேர்ந்தது என்பதை விளக்க வேண்டும். கணினி அறிந்தோர் இப்பகுதியைக் கடந்து செல்லலாம்.

மென்பொருளை ஆக்குவோர் அதை முதலில் மனிதர் வாசிக்கத்தக்க ஒரு மொழியில் எழுதுகின்றனர். அது மூலம். பொறியோ மூலத்தை அப்படியே விளங்கிக் கொள்வதில்லை. ஒவ்வொரு வகைச் செயலிக்கும் அதனதன் கட்டளைமொழி உண்டு. மூலத்தை அவ்வம்மொழிக்கு மாற்றித் தருதல் வேண்டும். எம் இறங்குதுறைகளிலே அறிவித்தற் பலகைகள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மும்மொழியில் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். செய்தி ஒன்றுதான், எழுத்து மூன்று. நாகபூசணி அம்மனைத் தரிசிக்க வருபவரும் நாகவிகாரையை வழிபட வருபவரும் ஒரே படகில் நயினாதீவுக்குச் செல்கின்றனர். ஒரே பலகையைப் பார்க்கின்றனர். அவரவர் மொழியில் வாசிக்கின்றனர். மென்பொருளும் அத்தகையதே. இன்ரெல் வழிவந்த 32 பிற்றுச் செயலிக்கு ஒரு பொதி. அதன் விரிவாகிய 64 பிற்றுச் செயலிக்கு வேறொரு பொதி. கைத்தொலைபேசிகளிலும் றாஸ்பெரி பை என்னும் சிறு கணினியிலும் உள்ள ஏ.ஆர்.எம். செயலிக்கு இன்னொரு பொதி. இவ்வேறுபாட்டையே கட்டமைப்பு என்கின்றனர். பொதிகள் யாவும் வைக்கப்பட்டிருக்கும் இடம் களஞ்சியம். டெபியன் களஞ்சியத்திலே ஒவ்வொரு பொதியின் பெயரின் இறுதியிலும் அதன் கட்டமைப்பு எழுதப்பட்டிருக்கும். 32 பிற்றுக்கு ‘ஐ386’, 64 பிற்றுக்கு ‘ஏஎம்டி64’, ஏ.ஆர்.எம். வகையின் 64 பிற்றுக்கு ‘ஏஆர்எம்64’ என்பன அப்பெயர்கள்.

இலக்கண ஆசிரியன் என்ற முறையில் ஒன்றை இங்கே சொல்லாமற் போக மனம் வரவில்லை. 80386 என்பது 1985இல் இன்ரெல் வெளியிட்ட செயலி. லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது அச்செயலி பூண்ட கணினியிலேயாம். ஆனால், 2013இல் வந்த லினக்ஸ் 3.8ஆம் பதிப்பு அச்செயலிக்கான ஆதரவை நீக்கிவிட்டது. டெபியன் களஞ்சியத்தில் ‘ஐ386’ என்று பெயர் பூண்ட பொதியை இன்று ஒரு 386 பொறியில் இட்டால் அது இயங்காது. காரணப்பெயராய்ப் பிறந்தது இடுகுறிப்பெயராய் எஞ்சி நிற்கின்றது.

களஞ்சியத்தில் இன்னொரு வகைப் பொதியும் உண்டு. அதன் பெயரிறுதியில் ‘எல்லாம்’ என்னும் பொருளுடைய ‘ஓல்’ என்ற சொல் நிற்கும். எழுத்துருக்கள், அகராதிகள், உதவி நூல்கள், பைதன் மொழியில் எழுதப்பட்ட பல கருவிகள் ஆகியன இவ்வகையின. அவை எந்தச் செயலியின் கட்டளைமொழியிலும் இல்லாமையால் எல்லாப் பொறிக்கும் பொது. அறிவித்தற் பலகையில் வரைந்த அம்புக்குறி போல்வன அவை. தமிழ் எழுத்துருப் பொதிகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை என்பதை அறிந்தபோது எமக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. எந்தக் கணினி வந்தாலும், எத்துணைப் பழையதாயினும், தமிழுக்கு அங்கே தடை இல்லை.

இனி, அம்மூன்று கணினிகளிடம் திரும்புவோம். அவை 32 பிற்றுச் செயலி பூண்டவை. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. இன்ரெல் குடும்பத்தில் 64 பிற்று விரிவை 2003இல் முதலிற் கொணர்ந்தது ஏஎம்டி நிறுவனம். அதன்பின் சில ஆண்டுகள் இருவகையும் கலந்தே விற்கப்பட்டன. வெளித்தோற்றத்தாற் பிரித்தறிய இயலாது. ஒரே நிறப்பெட்டி, ஒரே நிறுவனத்தின் இலச்சினை, உள்ளே வெவ்வேறு. டெபியன் 12ஆம் பதிப்பு 2023 யூனில் வந்தபோது 32 பிற்றுக் கணினிகளுக்கும் நிறுவி இருந்தது. 13ஆம் பதிப்பில் அது இல்லை. ஐ386 பொதிகளை அடியோடு நீக்கவில்லை. 64 பிற்றுப் பொறியின்மேற் பழைய மென்பொருளை இயக்குவோருக்காக ஒரு பகுதியை வைத்திருக்கின்றனர். ஆனால் தனித்த 32 பிற்றுப் பொறிக்குரிய கருவும் நிறுவியும் போயின. அத்தகைய கணினி உடையோர் 13க்கு மேம்படுத்தலாகாது, இயலுமாயின் 64 பிற்றாக மீள நிறுவுக, இயலாதாயின் வன்பொருளுக்கு ஓய்வு கொடுக்க என்பதே அவர்கள் வெளியீட்டுக் குறிப்பில் தந்த ஆலோசனை.

டெபியன் மட்டும் இவ்வாறு செய்தது என்று கொள்ளற்க. றெட் ஹற் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 7ஆம் பதிப்பு முதலே 64 பிற்றுப் பொறிகளில் மட்டும் நிறுவப்பட்டது. 2025 மே மாதத்தில் வந்த 10ஆம் பதிப்பில் 32 பிற்றுப் பொதிகளே இல்லை. பெடோரா 2019இல் 32 பிற்றுக் கருவைக் கைவிட்டது. உபுண்டு 2019 யூனில் ஐ386 பொதிகளை முழுதும் நீக்கப்போவதாக அறிவித்தது; பழைய விளையாட்டுகளையும் வின்டோஸ் மென்பொருள்களையும் லினக்ஸில் இயக்குவோர் எதிர்ப்பொலி எழுப்பவே, ஒரு வாரத்துக்குள் அம்முடிபை மாற்றித் தேர்ந்த சில பொதிகளை வைத்திருக்க இசைந்தது. பயர்பொக்ஸ் உலாவியும் 2025 நவெம்பரில் வந்த 145ஆம் பதிப்போடு 32 பிற்று லினக்ஸைக் கைவிட்டது. விளையாடுவோர் உரத்துப் பேசினர். அவர்கள் குரல் கேட்டது. தீவுப் பாடசாலை எங்கே உரத்துப் பேசும்?

இதனால் டெபியன் தொண்டர்களை யாம் பழிக்கவில்லை. அவர்களுட் பெரும்பாலார் ஊதியமின்றி உழைப்பவர்கள். ஒரு கட்டமைப்பைத் தாங்குதல் என்பது ஏறத்தாழ எழுபதினாயிரம் பொதிகளை அதற்கென்று ஆக்கி, சோதித்து, பாதுகாப்புத் திருத்தங்களை இடையறாது வழங்குதல். பழைய பொறி வைத்திருப்போர் குறைய, சோதிப்போரும் குறைவர். சோதியாததைச் சோதித்ததாகச் சொல்வதிலும் இல்லை என்று சொல்வது நேர்மையானது. ஆயினும், ஓய்வு எப்போது கொடுப்பது என்பதை நெடுந்தீவில் நாமே தீர்மானித்தல் வேண்டும். ஒரு பென் டிறைவ் தீர்மானித்தலாகாது. டெபியன் 12க்கு நீள்கால ஆதரவு 2028 யூன் வரை உண்டு. அம்மூன்று கணினிகளுக்கும் அதுவரை உழைக்க இடமிருந்தது. எம் கையில் இருந்த ஆயத்தக் கோப்பு அதை அறியவில்லை. அறியும்படி யாரும் அதற்குச் சொல்லவுமில்லை.

அன்று நேர்ந்த இன்னொரு இடர் இதனினும் நுட்பமானது. பாடசாலையில் ஓர் அச்சுப்பொறி இருந்தது. தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் அதிலேயே அச்சாக வேண்டும். அதன் இயக்கியை ஆக்கிய நிறுவனம் மூலத்தை வெளியிடாது, 32 பிற்றுப் பொதியாக மட்டும் ஒரு காலத்தில் வெளியிட்டுவிட்டு மறந்துபோயிற்று. 64 பிற்றுக் கணினியில் அதை இயக்குவதற்கு வழி உண்டு. டெபியன் 2013இல் வெளியிட்ட 7ஆம் பதிப்பு முதல், ஒரே கணினியில் இரு கட்டமைப்புகளின் நூலகப் பொதிகளையும் தனித்தனி அறைகளில் வைத்துக்கொள்ளும் ஒழுங்கு இருக்கின்றது. ஐ386ஐயும் ஏற்றுக்கொள் என்று ஒரு கட்டளை கொடுத்தாற் போதும். இளைஞர் கொடுத்தார். ஆனால், அவர் வன்தட்டிலே கொண்டு வந்த களஞ்சியப் பிரதியில் ஏஎம்டி64 பொதிகள் மாத்திரமே இருந்தன. இடம் மிச்சம் என்று ஐ386ஐ விட்டு வந்திருந்தார். தீவில் இணைய இணைப்போ அன்று ஒரு படத்தையும் ஒழுங்காகக் காட்டவில்லை.

இரு கிழமை கழித்து ஐ386 பகுதியை வேறொரு தட்டில் இறக்கிக்கொண்டு மீண்டுஞ் சென்றோம். அப்போதும் நிறுவ மறுத்தது. காரணத்தை அறிந்தபோது எமக்குச் சிரிப்பும் சலிப்பும் ஒருங்கே வந்தன. இரு கட்டமைப்புக்குமாக ஒரே கணினியில் அமரும் நூலகப் பொதி இரண்டும் ஒரே பதிப்பெண் உடையனவாக இருத்தல் வேண்டும் என்பது டெபியனின் விதி. இடைப்பட்ட இரு கிழமையிற் களஞ்சியத்திற் சில திருத்தங்கள் வந்துவிட்டன. எம்மிடம் இருந்த 64 பிற்றுப் பொதிகள் பழைய திருத்தம். புதிதாய்க் கொணர்ந்த 32 பிற்றுப் பொதிகள் புதிய திருத்தம். ஒரு வண்டியிற் பூட்டிய இரு மாடுகளுள் ஒன்று ஓரடி முந்தினாலும் நுகம் கோணும். விதியிற் பிழையில்லை, வெவ்வேறு நாளிற் பிரதி எடுத்த எம்மிடமே பிழை. வினாத்தாள்களை அம்முறை யாழ்ப்பாணத்திலே அச்சிட்டுப் படகில் அனுப்பினோம்.

றெட் ஹற் வழியினர் இதே சிக்கலை மற்றொரு பக்கத்திலிருந்து கண்டவர்கள். 2007இல் வந்த அவர்களது 5ஆம் பதிப்பிலே, 64 பிற்றுக் கணினியில் ஒரு பொதியைப் பெயர் சொல்லிக் கேட்டால், களஞ்சியத்தில் இருவகையும் இருக்குமிடத்து இரண்டையும் ஒருங்கே கொண்டுவந்து நிறுவிவிடும். கேட்டது ஒன்று, வந்தது இரண்டு. கையால் நிறுவுவோன் இதனைக் கண்டு தடுப்பான். கிக்ஸ்ரார்ட் என்னும் அவர்களது தன்னியக்க நிறுவற் கோப்பைக் கொண்டு நூறு பொறிகளில் நிறுவுவோனுக்கு நூறிலும் இரட்டிப்பு. 2010இல் வந்த 6ஆம் பதிப்பில் பொறிக்கு ஏற்றதை மட்டும் கொணர்வதே இயல்பு என மாற்றினர். எந்தக் கட்டமைப்பு என்று சொல்லாமல் விட்டால் என்ன நிகழும் என்பது இவ்வாறு காலத்துக்குக் காலம், பதிப்புக்குப் பதிப்பு மாறிவந்திருக்கின்றது. தன்னியக்கக் கோப்பை எழுதுபவர் அதை ஊகத்துக்கு விட்டுவிடுதல் தகாது.

ஆசிரிய கலாசாலையில் எமக்கு முதன்முதற் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. வகுப்பில் நுழைந்தவுடன் பாடத்தைத் தொடங்கற்க. மாணவனின் முன்னறிவை வினாவி அறிந்துகொண்டு தொடங்குக என்பதே அது. தன்னியக்க நிறுவலின் குறை யாதெனின், அது விடைகளை எல்லாம் தானே சொல்லிவிடுகின்றது. ஒரு வினாவைக்கூடப் பொறியிடம் கேட்பதில்லை. எமது கருத்தில், மனிதரிடம் கேட்கும் வினாக்களை ஒழிப்பது நன்று. பொறியிடம் கேட்க வேண்டிய வினாவை ஒழிப்பது தீது.

கேட்பதற்கு வழியில்லாமலும் இல்லை. டெபியன் முன்னாளில் 32, 64 பிற்று இரண்டுக்கும் உரிய நிறுவியை ஒரே இறுவட்டில் வெளியிட்டது. அதை இட்டவுடன் செயலி 64 பிற்றா என்று தானே பார்த்து, ஆமெனில் அதனையும் இன்றேல் மற்றதனையும் எடுக்கும். வலையமைப்பு வழியாக நிறுவுமிடத்தும் கணினி தன் வகையை வழங்கியிடம் ஓர் எண்ணாற் சொல்லும் ஒழுங்கு உண்டு. இணைய நியமங்கள் அவ்வெண்களை வகுத்திருக்கின்றன. பழைய பயோஸ் கணினிக்குச் சுழி, புதிய 64 பிற்றுக் கணினிக்கு ஏழு, ஏ.ஆர்.எம். 64க்குப் பதினொன்று என்றவாறு. ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கின்றது. சுழி என்று சொல்லும் கணினி பயோஸ் உடையது என்று மட்டுமே சொல்கின்றது. உள்ளிருப்பது 32 பிற்றா 64 பிற்றா என்று சொல்வதில்லை. எம் தீவுகளுக்கு வந்து சேரும் கணினிகளுட் பல இச்சுழி இனத்தவை. ஆகவே அவற்றுக்குச் செயலியை நேரே சோதிக்கும் இரண்டாம் வினா இன்றியமையாதது. இது சில வரிகளில் எழுதக்கூடியது. எம் இளைஞர் ஓரிரவில் எழுதி முடித்தார்.

இப்பணியைப் பேரளவிற் செய்தவர்களும் எமக்கு அண்மையிலேயே இருக்கின்றனர். தமிழ்நாட்டிலே சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனைத் தழுவி ஆக்கிய ‘பொஸ்’ லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வின்டோஸோடு அதுவும் மாணவர் கைக்குச் சென்றது. கேரளத்தின் பாடசாலைகளோ 2001இல் தொடங்கிய ஐ.ரி. அற் ஸ்கூல் திட்டத்தின் வழி லினக்ஸுக்கு மாறின. அதன் வழிவந்த கைற் நிறுவனம் இற்றை நாளிலும் பாடசாலைகளுக்கென்று ஒரு லினக்ஸ் தொகுப்பை ஆக்கி வழங்குகின்றது. அவர்களைப் பார்த்து நாமும் அவ்வாறே ஒரே தொகுப்பைச் செய்துவிடலாம் என்பார் உளர். அங்கே அரசு ஒரே வகைக் கணினிகளைத் தொகையாக வாங்கியது. எமக்கு வருவன கொடைப்பொருள்கள். ஒரு கூடத்திலேயே நாலு நாட்டின் கணினிகள், நாலு தலைமுறைச் செயலிகள். அவர்கள் அளித்த விடை நன்று. ஆனால் வினா வேறு.

பழைய மாணவர்களிடம் யாம் வேண்டுவது இனி. வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிவுற்றது. வின்டோஸ் 11ஐ ஏற்கமாட்டாத கணினிகள் மேலைநாட்டு அலுவலகங்களிலும் இல்லங்களிலும் குவிந்து கிடக்கின்றன. அவற்றுட் பெரும்பாலன 64 பிற்றுச் செயலி பூண்டவை. டெபியன் 13இல் நெடுங்காலம் உழைக்கக் கூடியவை. அவற்றை அனுப்புங்கள். வீட்டு மாடியிற் கிடந்த இருபதாண்டுக் கணினியை இனி அனுப்ப வேண்டா. அன்பு குறைந்து இதனைச் சொல்கின்றோமல்லோம். பழைய மேசைக் கணினி ஒன்று உண்ணும் மின் நூறு வாற்றை எளிதிற் கடக்கும். றாஸ்பெரி பை பத்து வாற்றுக்குள் அடங்கும். நெடுந்தீவில் மின் என்பது டீசலை எரித்து ஆக்கப்பட்டு வந்த பொருள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய நன்கொடையோடு கதிரவனையும் காற்றையும் கொண்டு மின் ஆக்குதற்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அது நிறைந்து பயன் தரினும், பெட்டிகளைச் சூடாக்குவதற்காக அன்று.

64 பிற்று என்று பெட்டியில் எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் தீர்ந்ததாகவும் கொள்ளற்க. றெட் ஹற் 10ஆம் பதிப்பு 64 பிற்றுக்குள்ளும் மூன்றாந் தரத்தையே கேட்கின்றது. அது இன்ரெலிடமிருந்து 2013 அளவில் வந்த செயலிகளிலிருந்தே உண்டு. அல்மாலினக்ஸ் என்பார் அதற்கு முந்திய தரத்துக்கும் தனியே ஒரு களஞ்சியத்தை வைத்திருக்கின்றனர். டெபியன் இன்னும் எல்லா 64 பிற்றுச் செயலியையும் ஏற்கின்றது. ஏ.ஆர்.எம். மடிக்கணினிகளும் ஒருநாள் கொடையாக வரத்தான் போகின்றன. அப்பிளின் மடிக்கணினிகள் 2020 முதல் அவ்வினத்தனவாகிவிட்டன. ஆதலால் கலப்பு என்றும் தீராது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் செயலியின் பெயரையும் ஆண்டையும் நினைவகத்தின் அளவையும் ஒரு தாளில் எழுதி ஒட்டி அனுப்பினால், இறங்குதுறையில் எமக்கு ஒரு நாள் மிச்சமாகும்.

கணினிகளிலும் மேலாக எமக்கு வேண்டியது ஒரு களஞ்சியப் பிரதி. வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ, தரைவழியாற் செல்லக்கூடிய ஒரு பாடசாலையில், ஒரு சிறு வழங்கியும் சில தட்டுகளும். அதிலே டெபியன் 13இன் ஏஎம்டி64, ஏஆர்எம்64, அச்சுப்பொறிக்காக ஐ386, எல்லார்க்கும் பொதுவான ‘ஓல்’ ஆகியனவும், பழையவற்றுக்காக டெபியன் 12இன் ஐ386உம் இருத்தல் வேண்டும். யாவும் ஒரே நாளிற் பிரதி எடுக்கப்பட்டு, அந்நாளின் தேதி மேலே பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். தவணைக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்துத் தட்டில் ஏற்றி, குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும், ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகில் அனுப்பலாம். களஞ்சியத்தின் பட்டியலில் இலத்திரனியற் கையொப்பம் இருப்பதால், எத்தனை கை மாறினாலும் பொதி திரிபுற்றதா என்பதை இணையமின்றியே சோதித்தறியலாம். பாதுகாப்புத் திருத்தப் பட்டியலுக்குக் காலாவதித் தேதி உண்டு. தட்டிற் கொண்டு செல்கையில் கருவி முணுமுணுக்கும். அதற்குரிய விதிவிலக்கைக் கோப்பில் எழுதிவைத்தல் வேண்டும். இணையத்தோடு எப்போதும் இணைந்திருக்கும் கணினிக்கு அவ்விதிவிலக்கு ஆகாது.

இதற்கு ஆகுஞ் செலவு சில புதிய மடிக்கணினிகளின் விலைக்குள் அடங்கும் என எண்ணுகின்றோம். ஆனால், வழங்கியின்மேற் கல்வெட்டு ஒட்டித் திறந்து வைப்பதற்கு அது அழகான பொருளன்று. பன்னிரண்டு கணினிகளை வரிசையாக அடுக்கினால் நிழற்படம் நன்றாக வரும். தட்டிலே கிடக்கும் பொதிகளை யார் படம் பிடிப்பர்? இதனை ஓரளவு கடுமையாகவே சொல்கின்றோம். நிழற்படத்துக்குப் பின் பூட்டிக் கிடந்த கூடங்கள் சிலவற்றின் திறப்பையும் யாம் வைத்திருந்தோம். உயர்தர வகுப்பில் பைதன் பயிலும் பிள்ளை யாழ்ப்பாண நகரில் இருந்தாலும் நெடுந்தீவில் இருந்தாலும் எழுதும் பரீட்சை ஒன்றுதான். நகரத்துப் பிள்ளைக்குப் பொதி வராவிட்டால் அடுத்த தெருவுக்குப் போகும். எம் பிள்ளைக்கு அடுத்த தெரு கடல்.

இதனோடு ஒவ்வொரு தீவிலும் இரு மாணவர்களைப் பழக்குதல் வேண்டும். தன்னியக்கக் கோப்பு என்ன செய்கின்றது, எங்கே நிற்கின்றது, நின்றால் திரையில் எழுந்த வரியை எப்படி வாசிப்பது என்பன அறிந்தோர் தீவிலேயே இருத்தல் வேண்டும். அன்று திரையில் எழுந்த அந்த ஒரு வரியை வாசித்து முதலிற் பொருள் சொன்னவள் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியே. எம் இளைஞரும் யாமும் இணைப்பிகளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தோம்.

அம்மூன்று கணினிகளுள் இரண்டு இப்போது டெபியன் 12இல் இயங்குகின்றன. இளவகுப்பினர் அவற்றில் தமிழ்த் தட்டச்சுப் பழகுகின்றனர். இணைய இணைப்பு அவற்றுக்குக் கொடுக்கப்படவில்லை. மூன்றாவதன் மின்வழங்கி எரிந்துபோகவே, அதன் நினைவகத்தைக் கழற்றி மற்ற இரண்டுக்கும் பகிர்ந்தோம். அச்சுப்பொறி ஒன்பது கணினிகளுள் ஒன்றோடு மட்டும் பேசுகின்றது. வினாத்தாள்கள் தீவிலேயே அச்சாகின்றன. அடுத்த பெட்டிகள் கப்பலேறுமுன் அவற்றின் செயலிப் பட்டியலைப் பழைய மாணவர் சங்கத்தின் வழியாக எமக்கு அனுப்பினால், எந்தெந்தப் பொதிகள் வேண்டும், எவற்றை அனுப்ப வேண்டா என்று மறுமொழி எழுதுவோம்.